டேப் லைப்ரரிக்கு பேக்கப் மென்பொருள் தேர்ந்தெடுத்த அனுபவம்

பேக்கப் மென்பொருள் விற்க வருகிறவர்கள், ஓர் இரவில் எவ்வளவு டேட்டாவை எவ்வளவு வேகமாக டேப்பில் எழுதலாம் என்பதைத்தான் முதலில் விளக்குகிறார்கள். அப்படி எழுதிய டேப்பை, அந்த மென்பொருள் நிறுவப்படாத வேறொரு கணினியில், எந்தக் கோப்பு எந்த டேப்பில் இருக்கிறது என்று அது வைத்திருக்கும் பட்டியலான கேட்டலாக்கும் கையில் இல்லாத நிலையில் எப்படிப் படிப்பது என்று கேட்டால் பேச்சின் வேகம் குறைந்துவிடுகிறது. ஓசூர் சிப்காட்டில் வாகன உதிரிபாகங்கள் தயாரிக்கும் ஒரு தொழிற்சாலையில் யூனிக்ஸ் சர்வர்களைக் கவனித்துவரும் நான், பல டேப்புகளை அடுக்கிவைத்து ரோபோவால் மாற்றிப் போடும் பெட்டியான எங்கள் டேப் லைப்ரரிக்கு மென்பொருள் தேடியபோது இந்தக் கேள்வியையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இதே வேலையில் இருக்கும் மற்றவர்களுக்குப் பயன்படலாம் என்பதால் அந்தத் தேர்வில் எதையெல்லாம் பார்த்தோம், எதற்காக எதை ஒதுக்கினோம் என்பதை இங்கே எழுதுகிறேன்.

எங்களிடம் இருந்தவை இவை: ஆரக்கிள் தரவுத்தளத்துடன் கணக்கு, கொள்முதல், உற்பத்தி அனைத்தையும் தாங்கும், ஐபிஎம்மின் யூனிக்ஸான ஏஐஎக்ஸ் ஓடும் சர்வர்கள், வடிவமைப்பு வரைபடங்கள் வைக்கப்பட்டிருந்த சோலாரிஸ் என்ற மற்றொரு யூனிக்ஸ் ஓடும் ஒரு பழைய சர்வர், எண்ணிக்கையில் கூடிக்கொண்டே போகும் லினக்ஸ் சர்வர்கள். இவற்றுக்குப் பொதுவாக டேப்புகளை வைக்கும் 24 ஸ்லாட்டுகளும், எல்டிஓ என்ற டேப் வகையின் ஆறாம் தலைமுறையான எல்டிஓ-6 டிரைவுகள் இரண்டும் கொண்ட ஒரு லைப்ரரி வாங்கப்பட்டிருந்தது. பேக்கப்பின் இரண்டாவது பிரதி தர்மபுரியில் உள்ள எங்கள் கிடங்குக்கு நிறுவன வேனில் போகும். கிளவுடில் வைத்துவிடலாமே என்ற யோசனையும் வந்தது. ஆனால் மாதாந்தர முழு பேக்கப்பை எங்கள் இணைய இணைப்பில் அனுப்பி முடிப்பதற்குள் அடுத்த மாதம் பிறந்துவிடும் என்பதும், வலைப்பின்னலோடு தொடர்பே இல்லாமல் அலமாரியில் இருக்கும் டேப்பை எந்த ரான்சம்வேரும் தொட முடியாது என்பதும் டேப்பின் பக்கம் நின்றன.

மென்பொருளைப் பற்றிப் பேசுவதற்கு முன் லைப்ரரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும், சர்வரின் கண்ணுக்கு அது குறைந்தது இரண்டு சாதனங்கள்: டேப்பைப் படித்து எழுதும் டிரைவ் ஒன்று, டேப்பை எடுத்து மாற்றும் ரோபோ மற்றொன்று. டிரைவுக்கு எம்டி என்ற கட்டளையும், ரோபோவுக்கு எம்டிஎக்ஸ் என்ற கட்டளையும் உண்டு. எந்த பேக்கப் மென்பொருளையும் நிறுவுவதற்கு முன்னால், இந்த இரண்டு கட்டளைகளை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்லாட்டிலிருந்து டேப்பை எடுத்து டிரைவில் போடவும், கோப்புகளைத் தொகுக்கும் டார் கட்டளையைக் கொண்டு அதில் எழுதவும், திரும்பப் படிக்கவும், பழைய ஸ்லாட்டிலேயே கொண்டுபோய் வைக்கவும் முடிகிறதா என்று கையால் செய்து பார்த்துவிட வேண்டும். இது முடியாத இடத்தில் எந்த மென்பொருளும் வேலை செய்யாது. முடிந்த இடத்தில், பின்னால் வரும் கோளாறு ரோபோவுடையதா மென்பொருளுடையதா என்று பிரித்தறிவது எளிது.

இந்தக் கை வேலையின்போதே சில சங்கதிகள் புலப்பட்டுவிடும். லினக்ஸில் ஒரே டிரைவுக்கு இரண்டு வகைச் சாதனப் பெயர்கள் இருக்கின்றன. ஒன்றைப் பயன்படுத்தினால் வேலை முடிந்ததும் டேப் தானாகத் தொடக்கத்துக்குச் சுற்றிவிடும், மற்றொன்றில் நின்ற இடத்திலேயே நிற்கும். பேக்கப் மென்பொருளுக்குக் கொடுக்க வேண்டியது சுற்றாத பெயரைத்தான். மாற்றிக் கொடுத்தால் அடுத்த பேக்கப் முந்தையதன் தலையிலேயே எழுதப்படும். ஏஐஎக்ஸிலும் சோலாரிஸிலும் பெயர்கள் வேறு, விதி ஒன்றுதான். இரண்டு டிரைவுகள் இருந்தால் இன்னொரு சிக்கலும் உண்டு: ரோபோ முதலாவது என்று எண்ணும் டிரைவை லினக்ஸும் முதலாவதாகவே எண்ணும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. சர்வரை ஒருமுறை மறுதொடக்கம் செய்தாலே வரிசை மாறலாம். அப்போது ரோபோ ஒரு டிரைவில் டேப்பைச் செருகிவிட்டுப் போக, மென்பொருள் மற்றொரு காலி டிரைவின் வாசலில் காத்துக்கிடக்கும். ஒவ்வொரு டிரைவுக்கும் உரிய மாறாத சீரியல் எண்ணைக் கொண்டு அமைந்த நிலையான சாதனப் பெயர்களைப் பயன்படுத்துவதுதான் இதற்கு வழி. லைப்ரரியின் முகப்புத் திரையில் வரிசை முறை, விருப்ப முறை என்று இரண்டு அமைப்புகள் இருந்தால், விருப்ப முறையில் வைத்துவிட வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வரிசை முறையில் லைப்ரரி தன் போக்கில் அடுத்த டேப்பை எடுத்துப் போட்டு மென்பொருளின் கணக்கைக் குழப்பிவிடும்.

பார்கோடு விஷயத்தில் சிக்கனம் பார்க்கக் கூடாது. எங்கள் இரவுப் பணியாளர்களில் தமிழர், தெலுங்கர், கன்னடர் என்று எல்லோரும் இருக்கிறார்கள். டேப்பின் முதுகில் யார் எந்த எழுத்தில் என்ன எழுதிவைப்பார்கள் என்று சொல்ல முடியாது. பார்கோடு ஒட்டிய டேப்பை எந்த ஸ்லாட்டில் வைத்தாலும் ரோபோ படித்துக்கொள்ளும். அது இல்லையென்றால், எந்த டேப் எங்கே இருக்கிறது என்று அறிய ஒவ்வொன்றாக டிரைவில் ஏற்றி, தலைப்பைப் படித்து இறக்க வேண்டியிருக்கும். சுத்தம் செய்யும் டேப்புக்கும் அதற்குரிய முன்னெழுத்துகளோடு பார்கோடு ஒட்டி, அதற்கென ஒரு ஸ்லாட்டை ஒதுக்கிவிடுவது நல்லது.

இனி மென்பொருள். முதலில் பரிசீலித்தது எதையும் வாங்காமல், குனு டார், எம்டிஎக்ஸ் இரண்டையும் ஷெல் ஸ்கிரிப்டில் கோத்துவிடுவது. இதை இழிவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒரே சர்வர், சில டேப்புகள், வாரம் ஒரு முழு பேக்கப் என்ற அளவில் இது போதும். டேப்பைப் படிக்க உலகில் எந்த யூனிக்ஸ் கணினியும் உதவும். ஆனால் சர்வர்கள் கூடும்போது, எந்தக் கோப்பின் எந்தத் தேதிப் பிரதி எந்த டேப்பில் இருக்கிறது, எந்த டேப்பை இனி அழித்து எழுதலாம் என்ற கணக்கு ஸ்கிரிப்ட் எழுதியவரின் மூளையிலும் ஒரு நோட்டுப் புத்தகத்திலும் தங்கிவிடுகிறது. அவர் வேலையை விட்டுப் போனால் கணக்கும் போகும்.

அடுத்தது விலை கொடுத்து வாங்கும் பெரிய மென்பொருள்கள். வெரிட்டாஸ் நெட்பேக்கப், லெகாட்டோவில் தொடங்கிப் பல கை மாறிய நெட்வொர்க்கர், முன்பு டிவோலி என்று அழைக்கப்பட்ட ஐபிஎம் தயாரிப்பு ஆகிய மூன்றும் ஏஐஎக்ஸ், சோலாரிஸ் போன்றவற்றில் நெடுங்காலம் பழகியவை. ஆரக்கிளின் சொந்த பேக்கப் கருவியான ஆர்மேன் நேரடியாக டேப்பில் எழுத வேண்டுமானால் இடையில் தேவைப்படும் இணைப்பு நூலகமும் இவற்றோடு கிடைக்கும். தரவுத்தளம் பல டெராபைட் இருந்து, டிஸ்கில் இடைப்பிரதி எடுக்க இடமில்லாத நிறுவனம் இவற்றை வாங்குவதே சரி. எங்களுக்குத் தடையாக இருந்தது உரிமக் கட்டணத்தைக் கணக்கிடும் முறை. ஒருவர் டேட்டாவின் அளவுக்கும், மற்றொருவர் டிரைவ், ஸ்லாட் எண்ணிக்கைக்கும் விலை சொன்னார். டேட்டா வளரும் இடத்தில் இதுவும் ஆண்டுதோறும் வளரும். ஐபிஎம் தயாரிப்பில் முதல்முறைக்குப் பிறகு மாறிய கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டே போகும் முறை மிக அழகானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் தரவுத்தளத்தை இழந்துவிட்டால் டேப்புகள் இருந்தும் இல்லாதவைதான். என் அளவுகோலில் அது அங்கேயே தட்டியது.

மீதம் இருந்தவை அமாண்டாவும் பாக்குலாவும். பாக்குலாவிலிருந்து பிரிந்து வளர்ந்த பாரியோஸை இந்த ஒப்பீட்டில் பாக்குலாவோடு சேர்த்தே பார்க்கலாம். அமாண்டா 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தில் உருவானது. பாக்குலாவை 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய கெர்ன் சிபால்ட், 2002-இல் பொதுவில் வெளியிட்டார். இரண்டும் திறந்த மூலநிரல் கொண்டவை, இரண்டுக்கும் லைப்ரரியை இயக்கத் தெரியும். ஆனால் இரண்டும் வெவ்வேறு குணம் கொண்டவை.

மனத்துக்குப் பிடித்தது எது என்று கேட்டால் அமாண்டா என்பேன். அது தனக்கென ஒரு வடிவத்தைப் புகுத்தாமல், அந்தந்தக் கணினியில் இருக்கும் டார் அல்லது டம்ப் கருவியைக் கொண்டே பேக்கப் எடுக்கிறது. டேப்பில் ஒவ்வொரு பேக்கப்பின் தொடக்கத்திலும் 32 கிலோபைட் அளவில் ஒரு தலைப்பு இருக்கும்; எந்தக் கணினி, எந்தக் கோப்பகம், எந்தத் தேதி என்பதோடு, இதை மீட்டெடுக்க என்ன கட்டளை தர வேண்டும் என்பதும் அதில் படிக்கக்கூடிய எழுத்துகளாகவே இருக்கும். அமாண்டா என்ற பெயரையே கேள்விப்படாத ஒருவர்கூட டிடி, டார் என்ற இரண்டு யூனிக்ஸ் கட்டளைகளும் தெரிந்திருந்தால் டேப்பைத் திறந்துவிடலாம். பல டேப்புகளில் பிரிந்து கிடக்கும் பேக்கப் என்றால் துண்டுகளை வரிசையாகச் சேர்க்கும் வேலை கூடுதலாக இருக்கும், அவ்வளவுதான்.

இருந்தும் நாங்கள் அதை எடுக்கவில்லை. முதல் காரணம், அமாண்டா பழைய டேப்பின் கடைசியில் தொடர்ந்து எழுதாது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புது டேப்பைத்தான் கேட்கும். எங்கள் அன்றாட மாற்றங்கள் 2.5 டெராபைட் கொள்ளும் டேப்பின் ஒரு மூலைக்குத்தான் வரும். பேக்கப்புகளை டிஸ்கிலேயே சேர்த்துவைத்து, டேப் நிரம்பும் அளவு வந்ததும் இறக்கும்படி அமைக்கலாம். ஆனால் அதுவரை அந்த நாள்களின் பேக்கப் டிஸ்கில் மட்டுமே இருக்கும் என்பதை எங்கள் நிர்வாகம் ஏற்கவில்லை. இரண்டாவது காரணம், எந்த நாளில் எந்தக் கோப்பகத்துக்கு முழு பேக்கப் என்பதை அமாண்டாவே தீர்மானிக்கும். ஒரு சுற்றுக்குள் எல்லாவற்றுக்கும் ஒருமுறையாவது முழு பேக்கப் வந்துவிடுமாறும், ஒவ்வோர் இரவின் சுமையும் ஏறக்குறைய சமமாக இருக்குமாறும் பரப்பிப் போடும். இது மிகப் புத்திசாலித்தனமான ஏற்பாடு. ஆனால் ஆடிட்டருக்கு வேண்டியது மாதக் கடைசி நாளின் நிலை, முழுமையாக, ஒரே தொகுப்பாக. “சார், சாஃப்ட்வேர் தனக்குத் தோன்றிய நாளில் எடுத்திருக்கிறது என்று நான் எப்படி ரிப்போர்ட்டில் எழுதுவது?” என்று அவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை.

பாக்குலா இந்த இரண்டு இடங்களிலும் பொருந்தியது. டேப்பில் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து எழுதும். அன்றாடம், வாரம், மாதம் என்று டேப்புகளைத் தனித்தனிக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் எவ்வளவு காலம் அழிக்காமல் வைத்திருக்க வேண்டும் என்று வகுக்கலாம். எல்லாக் கோப்புகளின் விவரமும் தரவுத்தளத்தில் இருப்பதால், கோப்பு தொலைந்துவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால் இரவுப் பணியாளரே தேடி எடுத்துக் கொடுத்துவிடுவார். ரோபோவை இயக்க ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்டைத்தான் பயன்படுத்துகிறது என்பதால், நம் லைப்ரரியின் குணத்துக்கேற்ப அதைத் திருத்திக்கொள்ளலாம். சில லைப்ரரிகளில் டேப்பை வெளியேற்றச் சொன்ன பிறகுதான் ரோபோவால் அதைப் பிடித்து இழுக்க முடியும், அந்த அமைப்பு அங்கேயே இருக்கிறது. ஏஐஎக்ஸ், சோலாரிஸ் கணினிகளுக்கான கிளையன்ட் நிரலை மூலநிரலிலிருந்து தொகுக்க வேண்டியிருந்தது. பொறுமை வேண்டிய வேலை என்றாலும் செய்ய முடியாததல்ல.

ஆனால் பாக்குலாவின் டேப் வடிவம் அதற்கே உரியது. டார் கட்டளையால் அதைத் திறக்க முடியாது. ஆகவே என் கேள்வியை அதனிடம் கடுமையாகவே கேட்க வேண்டியிருந்தது. கேட்டலாக் இல்லாமலே டேப்பைப் பட்டியலிடவும், கோப்புகளைப் பிரித்தெடுக்கவும், தொலைந்த கேட்டலாக்கை டேப்பிலிருந்தே மறுபடி கட்டவும் அதனோடு மூன்று சிறு கருவிகள் வருகின்றன. இவற்றை நம்பலாமா என்று பார்க்க, தர்மபுரிக் கிடங்கில் ஒரு பழைய சர்வரில் வெறும் லினக்ஸை மட்டும் நிறுவி, தனியான ஒரு எல்டிஓ-6 டிரைவை இணைத்து, ரோபோ இல்லாமல் சோதனை செய்தோம். கட்டளைகளைத் தட்டியது நான் அல்ல. அங்குள்ள கணினிப் பணியாளர் ஒருவர், ஓசூரிலிருந்து அனுப்பிய அச்சிட்ட தாளைப் பார்த்து ஒவ்வொன்றாகச் செய்தார். தொலைபேசியில் யாரும் சொல்லித் தரக் கூடாது என்பது நிபந்தனை.

கோப்புகள் வந்தன. நேரத்தைப் பற்றித்தான் தெளிவு பிறந்தது. முழுவதும் நிரம்பிய எல்டிஓ-6 டேப் ஒன்றை, டிரைவின் முழு வேகமான விநாடிக்கு 160 மெகாபைட்டில் படித்தாலே 4 மணி நேரத்துக்கு மேல் ஆகும். கேட்டலாக்கை டேப்பிலிருந்து மறுபடி கட்டுவது என்றால் எல்லா டேப்புகளையும் இப்படி முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டும். நாள் கணக்கில் போய்விடும். இதனால்தான் ஒவ்வோர் இரவும் கடைசி வேலையாகக் கேட்டலாக்கின் பிரதியையே டேப்பில் எழுதி, அது எந்த டேப்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று சொல்லும் சிறு குறிப்புக் கோப்பை பேக்கப் சர்வருக்கு வெளியே, வேறு இரண்டு இடங்களுக்கு அனுப்பிவிடுகிறோம். அந்தக் குறிப்பு இருந்தால் டேப்பில் நேராக அந்த இடத்துக்குப் போய்விடலாம். அமைப்புக் கோப்புகளும் அதோடு போக வேண்டும். வேகத்துக்காக டேப்பின் பிளாக் அளவை, அதாவது ஒரே தடவையில் எழுதும் துண்டின் அளவை, கூட்டியிருந்தால், அந்த எண்ணை அச்சிட்ட தாளின் முதல் வரியிலேயே போட்டுவிட வேண்டும். அது தெரியாமல் வேறொரு கணினியில் டேப்பைப் போட்டால், டேப்பே பழுது என்று நம்பவைக்கும் பிழைச்செய்திகள் வரும்.

பாக்குலாவில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, நாம் எதுவும் சொல்லாவிட்டால் அது தானாக வைத்துக்கொள்ளும் கால அளவுகள். கோப்பு விவரங்களுக்கு 60 நாள், வேலை விவரங்களுக்கு 180 நாள், டேப்புக்கு ஓராண்டு என்பவை அவை. டேப் பத்திரமாக இருக்கும், ஆனால் 60 நாள் கடந்தால் அதிலிருக்கும் கோப்புகளின் பட்டியல் கேட்டலாக்கிலிருந்து நீங்கிவிடும். பிறகு ஒரே ஒரு கோப்புக்காக முழு வேலையையும் மீட்டெடுக்க வேண்டியிருக்கும். ஆடிட்டுக்கான மாத டேப்புகளுக்கு இந்த மூன்று கால அளவுகளையும் ஒன்றாக்கிவிடுவதே நல்லது. கேட்டலாக் பெரிதாகும், ஆகட்டும். டிஸ்க் இன்று மலிவு.

மின்தடையைச் சொல்லாமல் இந்தப் பகுதியைப் பற்றிய அனுபவம் முழுமையாகாது. யூபிஎஸ் சர்வர்களுக்கு மட்டும் போதும், லைப்ரரிக்கு எதற்கு என்று நினைப்பவர்கள் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால், திரும்ப வந்ததும் லைப்ரரி தன் டேப்புகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளும், டிரைவில் சிக்கிய டேப்பையும் மீட்டுக்கொள்ளும். ஆனால் டேப்பில் பகுதிகளைப் பிரிக்க உண்மையில் இருக்கும் கோப்புக் குறிகளின் எண்ணிக்கைக்கும் கேட்டலாக்கில் உள்ள எண்ணிக்கைக்கும் பொருந்தாமல் போய், பாக்குலா அந்த டேப்பைப் பிழை என்று குறித்து ஒதுக்கிவிடக்கூடும். பார்த்ததும் பதற வேண்டியதில்லை. அதில் ஏற்கெனவே முடிந்த பேக்கப்புகளைப் படிக்க முடியும். மேற்கொண்டு எழுத மட்டுமே மறுக்கிறது. லைப்ரரியையும் யூபிஎஸ்ஸில் சேர்த்த பிறகு எங்களுக்கு இது அரிதாகிவிட்டது.

வேகத்தைப் பொறுத்தவரை ஒரே ஒரு அறிவுரைதான். எல்டிஓ டிரைவுக்குப் பசி அதிகம். ஊட்டும் டேட்டா குறைந்தால் அது தன் வேகத்தைக் கொஞ்சம் தணித்துக்கொள்ளும், அதற்கும் கீழே போனால் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி ஓடித் தொடங்கும். இது டேப்பையும் டிரைவையும் தேய்க்கும். ஒரு கிகாபிட் வலைப்பின்னல் எவ்வளவு முயன்றாலும் எல்டிஓ-6 டிரைவின் முழு வேகத்தை எட்டாது. ஆகவே பேக்கப்பை முதலில் ஓர் எஸ்எஸ்டியில் சேர்த்து, பிறகு ஒரே ஓட்டமாக டேப்பில் இறக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். பல சர்வர்களின் டேட்டா டேப்பில் ஒன்றோடொன்று கலந்து கிடப்பதையும் இது குறைப்பதால் மீட்டெடுப்பும் விரைவாகும். டேப்பின் உறையில் அச்சிட்டிருக்கும் 6.25 டெராபைட் என்ற எண்ணை நம்பித் திட்டமிட வேண்டாம். அது 2.5 மடங்கு சுருங்கும் என்ற அனுமானத்தில் போட்டது. ஏற்கெனவே சுருக்கப்பட்ட படங்களும் பிடிஎஃப்களும் அப்படிச் சுருங்காது.

ஆரக்கிளைப் பொறுத்தவரை, இயங்கிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தின் கோப்புகளை அப்படியே டேப்பில் எடுப்பது பேக்கப் ஆகாது. ஆர்மேன் முதலில் டிஸ்கில் எழுத, அதை பாக்குலா எடுத்துக்கொள்கிறது. ஏஐஎக்ஸின் இயங்குதளத்துக்கு முழு இயங்குதளத்தின் பிரதியாக அதற்கே உரிய எம்கேசிஸ்பி படிமத்தை, வலைப்பின்னல் வழியே ஏஐஎக்ஸை நிறுவித் தரும் ஒரு நிம் சர்வரில் கோப்பாக எடுத்துவைத்து, அந்தக் கோப்பை பேக்கப்பில் சேர்க்கிறோம். பாக்குலா காலியான ஏஐஎக்ஸ் கணினியைத் தானாக எழுப்பிக் கொடுக்காது.

டேப்பைக் கொண்டுபோவதும் வைப்பதும் மென்பொருளின் வேலை அல்ல என்றாலும் ஒரு வார்த்தை. ஓசூர் உயரமான இடம், கோடையிலும் சற்றுக் குளிர்ச்சி; கிருஷ்ணகிரி தாண்டி தர்மபுரிக்கு இறங்கும்போது வெயில் வேறு மாதிரி இருக்கும். மாங்காய்ப் பருவத்தில் லாரிகளுக்கு நடுவே வேன் நின்றுவிட்டால் உள்ளே வைத்த பெட்டி கொதித்துவிடும். மூடிய, வெப்பம் தாங்கும் பெட்டியில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததும் உடனே டிரைவில் போடாமல் ஒரு நாள் அறை வெப்பத்துக்குப் பழகவிடச் சொல்லியிருக்கிறோம். கிடங்குக்கு அருகே கிரானைட் அறுக்கும் பட்டறைகள் இருப்பதால், டேப் அலமாரியைச் சன்னல் இல்லாத அறைக்கு மாற்றினோம்.

இப்போது மேசையில் இருக்கும் கேள்வி அடுத்த டிரைவ். எல்டிஓ-7 வரை எந்த டிரைவும் தனக்கு முந்தைய இரண்டு தலைமுறை டேப்புகளைப் படித்துவந்தது. எல்டிஓ-8 முதல் அந்த வழக்கம் மாறிவிட்டது. எல்டிஓ-8 டிரைவால் எல்டிஓ-6 டேப்பைப் படிக்க முடியாது. விற்பனையாளர் தரும் விலைப்பட்டியலில் இது எங்கும் இருக்காது. ஆடிட்டுக்காக வைத்திருக்க வேண்டிய மாத டேப்புகள் எங்களிடம் எல்லாம் எல்டிஓ-6 என்பதால், லைப்ரரியில் ஒரு டிரைவை மட்டும் எல்டிஓ-8 ஆக மாற்றி, மற்றொன்றை அப்படியே விட்டு, பழைய டேப்புகளிலிருந்து புதியவற்றுக்கு பாக்குலாவின் நகலெடுக்கும் வசதியைக் கொண்டு இரவுகளில் மாற்றிக்கொண்டே வருவது என்று முடிவு செய்திருக்கிறோம். தர்மபுரியில் உள்ள தனி டிரைவ், கடைசி எல்டிஓ-6 டேப்பின் காலம் முடியும்வரை அங்கேயே இருக்கும். அதை விற்றுவிடலாம் என்று வந்த குறிப்பில், விற்க முடியாத காரணத்தையும் அந்தத் தேதியையும் எழுதிக் கையெழுத்திட்டு அனுப்பிவிட்டேன்.